சீசனுக்கொரு மன்னிப்பு

கொரியத் தொடர்களில் எதைப் பார்க்கலாம் என்று கேட்பவர்களுக்கு நான் சொல்லும் அளவுகோல் ஒன்றுதான். தொடரைப் பாருங்கள். முடித்த கையோடு கொரியச் செய்திகளைப் படியுங்கள். செய்தியைவிடத் தொடர் அடக்கி வாசித்திருந்தால் அது நல்ல தொடர். மழையில் குடை பிடிக்கிற காதலன், மணிக்கட்டைப் பிடித்து இழுக்கிற காதலன், பழசையெல்லாம் மறந்து தொலைக்கிற காதலன் ஆகியோருக்கு ரசிகர்கள் ஏராளம். என் ஓட்டு அவர்களுக்குத் தேவையில்லை. என் பட்டியலில் இருப்பவை கோபக்காரத் தொடர்கள். அந்தக் கோபத்தை யார் விற்கிறார்கள், யார் வாங்குகிறார்கள், இடையில் யார் சாகிறார்கள் என்பதும் பட்டியலோடு சேர்ந்ததுதான்.

பணக்காரரிலிருந்து தொடங்குவோம். அங்கே சட்டமும் அவரைப் பார்த்துவிட்டுத்தான் தொடங்கும்.

சேபோல் என்பது குடும்பச் சொத்தாக நடக்கிற பெருங்குழுமம். சாம்சங், ஹூண்டாய், எஸ்கே, ஹன்வா. இவற்றின் தலைவர் குற்றம் செய்தால் என்ன தண்டனை என்று கொரியர்கள் மனப்பாடமாகச் சொல்வார்கள்: '3-5'. மூன்று ஆண்டு சிறை. அது ஐந்து ஆண்டுக்கு நிறுத்திவைப்பு. மூன்று ஆண்டுக்கு மேல் தண்டனை கொடுத்தால் நிறுத்திவைக்கச் சட்டத்தில் இடமில்லை. ஆகவே மூன்று. ஐந்து ஆண்டுக்கு மேல் நிறுத்திவைக்க முடியாது. ஆகவே ஐந்து. நீதிதேவதையின் கண்ணைக் கட்டியிருக்கிறார்கள். கால்குலேட்டரைக் கையில் கொடுத்திருக்கிறார்கள்.

2007-ல் ஹூண்டாய் தலைவர் சுங் மோங்-கூவுக்கு 3-5. 2009-ல் சாம்சங் தலைவர் லீ கன்-ஹீக்கு 3-5. 2014-ல் ஹன்வா தலைவர் கிம் சுங்-யோனுக்கு 3-5. நிறுவனப் பணத்தில் கைவைத்த சுங் மோங்-கூவுக்கு மேல்முறையீட்டு நீதிமன்றம் கூடுதலாக ஒரு தண்டனையும் விதித்தது. சட்டத்தை மதித்துத் தொழில் நடத்துவது எப்படி என்று அவர் சொற்பொழிவாற்ற வேண்டும்; பத்திரிகையில் கட்டுரை எழுத வேண்டும். உச்ச நீதிமன்றம் இதை ரத்து செய்தது. கட்டுரையைத் தண்டனைக் கணக்கில் சேர்க்க முடியாதாம். வாசகர்களைக் கேட்டிருக்கலாம்.

2008 ஆகஸ்ட் 15. ஜப்பானிடமிருந்து கொரியா விடுபட்ட நாளின் ஆண்டுவிழா. அன்று சுங் மோங்-கூவும் விடுபட்டார். மன்னிப்புப் பட்டியலில் கிம் சுங்-யோனும் இருந்தார். இது அவருடைய 2014 தண்டனைக்கு முந்தைய வழக்கு. அதில் அவர் செய்தது வேறு ரகம். மதுக்கடையில் மகன் அடிவாங்கியதற்காக, மெய்க்காவலர்களோடு போய், அந்த ஊழியர்களை ஒதுக்குப்புறமாக இட்டுச் சென்று தன் கையாலேயே அடித்தார். பெருந்தொழிலதிபர்கள் எல்லாவற்றையும் அவுட்சோர்ஸ் செய்கிறார்கள் என்ற குற்றச்சாட்டு அன்று பொய்யானது.

லீ கன்-ஹீக்கு விடுதலை நாள்வரை காத்திருக்கப் பொறுமையில்லை. ஆகஸ்டில் தண்டனை, டிசம்பரில் மன்னிப்பு. பட்டியலில் அவர் ஒருவர் மட்டுமே. குளிர்கால ஒலிம்பிக்கைப் பியோங்சாங்குக்கு வாங்கித் தர வேண்டிய தேசப்பணி காத்திருந்ததாம். அவர் மகன் லீ ஜே-யோங் அதிபருக்கு லஞ்சம் கொடுத்த வழக்கில் உள்ளே போனார். 2021 ஆகஸ்டில் பரோல். 2022 ஆகஸ்டில் மன்னிப்பு. இந்த முறை பொருளாதார நெருக்கடியைச் சமாளிக்க அவர் தேவைப்பட்டார். நாட்டுக்கு நெருக்கடி வந்தால் மக்களுக்கு வட்டி ஏறும். பணக்காரருக்குச் சிறைக்கதவு திறக்கும்.

அதே 2022 நவம்பரில் ஜேடிபிசி தொலைக்காட்சியில் 'ரீபார்ன் ரிச்' வந்தது. சுன்யாங் என்ற குழுமம். முதலாளி குடும்பத்தின் அழுக்கையெல்லாம் துடைக்கிற ஊழியன் ஒருவன். காரியம் முடிந்ததும் அவனையே தீர்த்துக்கட்டுகிறார்கள். செத்தவன் அதே குடும்பத்தின் கடைக்குட்டிப் பேரனாக மறுபிறவி எடுக்கிறான். சுன்யாங் எது என்று கொரியாவில் குழந்தைக்கும் தெரியும். அரைக்கடத்தியில் பணத்தைக் கொட்டுகிற தாத்தா, வாரிசுச் சண்டை, 1997 பொருளாதாரச் சரிவு எல்லாம் அச்சு அசல். கடைசி எபிசோடை 26.9 சதவீதம் பேர் பார்த்தார்கள். கடைசி எபிசோடைத் தவிர மற்றதெல்லாம் அருமை. அதில் எல்லாம் கனவுபோல ஆகி, நாயகன் மனந்திருந்தி, பார்த்தவர்கள் ரிமோட்டைத் தேடினார்கள்.

ஆனால் இந்தத் தொடரின் கோபம் எங்கே முடிகிறது என்று கவனியுங்கள். அநியாயத்தில் செத்த ஊழியன் கேட்பது நியாயமல்ல, பங்கு. பணக்காரனை ஒழிக்க வழியில்லை. அடுத்த பிறவியில் அவன் பேரனாகப் பிறந்துவிடு. சோர்ந்துபோன ஒரு நாட்டின் அரசியல் கோரிக்கை இப்போது மறுபிறவி.

தாத்தாவாக நடித்த லீ சுங்-மினை 2014-லேயே 'மிசேங்'கில் பார்த்திருக்கிறோம். அங்கே அவர் மேலிடத்தோடு முட்டிக்கொண்டே இருக்கும் செக்‌ஷன் மேலாளர். எட்டே ஆண்டில் சேபோல் தலைவர். உழைப்பால் அந்த உயரத்துக்குப் போன கொரியர் அவர் ஒருவராகத்தான் இருப்பார்.

'மிசேங்' என் பட்டியலில் முதல் வரிசை. தகுதிச் சான்றிதழ் இல்லாத, 'கோ' என்ற பலகை ஆட்டத்தில் தோற்றுப்போன ஜாங் கிரே என்கிற 26 வயதுப் பையன், தொளதொளவென்ற கோட்டு மாட்டிக்கொண்டு ஒரு வர்த்தக நிறுவனத்துக்குள் வருகிறான். காதல் இல்லை. கொலை இல்லை. நகல் எடுப்பதும் கோப்பு அடுக்குவதும் திட்டு வாங்குவதும்தான் கதை. அவன் ஒப்பந்த ஊழியன். எவ்வளவு உழைத்தாலும் இரண்டு ஆண்டில் வெளியே. ஒரு நாடே உட்கார்ந்து அழுதது. அது ஓடிக்கொண்டிருந்தபோதுதான், டிசம்பர் 5 அன்று, நியூயார்க்கில் ஓடுபாதையை நோக்கி நகர்ந்த கொரியன் ஏர் விமானத்தை அந்த நிறுவனத் தலைவரின் மகள் திருப்பச் சொன்னார். மக்கடேமியா பருப்பைத் தட்டில் வைக்காமல் பொட்டலத்தோடு நீட்டிவிட்டார்கள். விமானம் திரும்பியது. தலைமைப் பணியாளர் இறக்கிவிடப்பட்டார். முதல் நீதிமன்றம் ஓராண்டு சிறை என்றது. அடுத்தது நிறுத்திவைத்தது. இதற்குள் உங்களுக்கே பழகியிருக்கும்.

டிசம்பர் 20-ல் 'மிசேங்' முடிந்தது. ஒன்பதே நாளில் அதிபர் பார்க் குன்-ஹேயின் அரசு விழித்துக்கொண்டது. ஒப்பந்த ஊழியர்களுக்கான திட்டம் ஒன்றை அறிவித்தது. பத்திரிகைகளில் அதற்கு 'ஜாங் கிரே சட்டம்' என்று பெயர். அடடா, ஒரு சீரியல் ஓர் அரசின் மனசாட்சியைத் தட்டிவிட்டதே என்று நினைத்தீர்களா? இரண்டு ஆண்டு ஒப்பந்தத்தை நான்கு ஆண்டாக நீட்டிக்கலாம் என்பதுதான் சட்டம். நிரந்தரம் ஆக்கு என்று அழுதவனுக்கு, இன்னும் இரண்டு ஆண்டு தற்காலிகமாகவே இருந்துகொள் என்று ஆறுதல். அதுவும் 35 வயது தாண்டியவர்களுக்கு மட்டும். ஜாங் கிரேக்கு 26. அவன் பெயர் சூட்டிய சட்டம் அவனுக்கே பொருந்தாது. மூலக்கதையான இணையச் சித்திரக்கதையை வரைந்த யூன் டே-ஹோ நொந்துகொண்டார். கடைசியில் அது நிறைவேறவில்லை. அதற்கும் சந்தோஷப்பட வழியில்லை. ஜாங் கிரேயின் நிலைமை அப்படியே இருக்கிறது.

அழவைத்த தொலைக்காட்சி எது? டிவிஎன். அங்கேயும் ஜாங் கிரேக்கள் இருந்தார்கள், கேமராவுக்குப் பின்னால்.

2016-ல் அதே டிவிஎன் 'டிரிங்கிங் சோலோ' என்ற தொடரை எடுத்தது. அரசுத் தேர்வுக்குப் படித்துப் படித்து ஓய்ந்த இளைஞர்கள் தனியாகக் குடித்து ஆறுதல் தேடுகிற கதை. அதில் உதவி இயக்குநர் லீ ஹான்-பிட். அவருக்குத் தரப்பட்ட வேலைகளில் ஒன்று, படப்பிடிப்பின் நடுவில் நீக்கப்பட்ட ஒப்பந்தப் பணியாளர்களிடம் போய், கொடுத்த முன்பணத்தைத் திரும்ப வாங்கிவருவது. களைத்தவர்களை மேலும் பிழியும் ஆளாகத் தான் ஆகிவிட்டதைத் தாங்க முடியவில்லை என்ற பொருளில் எழுதிவைத்துவிட்டுத் தற்கொலை செய்துகொண்டார். தொடர் முடிந்த மறுநாள் அவர் உடல் கிடைத்தது. நிறுவனம் முதலில் என்ன சொன்னது தெரியுமா? பையனுக்கு வேலையில் ஒழுங்கு போதாது என்றது. பெற்றோரும் தம்பியும் மாதக்கணக்கில் போராடிய பிறகு, 2017 ஜூனில் மன்னிப்புக் கேட்டது.

மன்னிப்புக் கேட்ட ஆறாவது மாதம். அதே டிவிஎன், 'ஹ்வாயுகி' என்ற மாயாஜாலத் தொடர். அலங்கார விளக்கைக் கூரையில் மாட்ட ஏறிய கலைப்பிரிவுப் பணியாளர் கீழே விழுந்தார். இடுப்புக்குக் கீழே செயலிழந்தது. மறுநாள் இரண்டாம் எபிசோடு ஒளிபரப்பானது. கணினி வேலை முடியவில்லை. சண்டை நடிகர்களைக் கட்டித் தூக்கிய கம்பிகள் அப்பட்டமாகத் தெரிந்தன. நடுவில் ஒளிபரப்பை நிறுத்தி, முன்னோட்டங்களைப் போட்டுப் போட்டு ஒப்பேற்றி, கடைசியில் ரசிகர்களிடம் வருத்தம் தெரிவித்தார்கள். கம்பி தெரிந்ததற்காக.

இந்த அவசரத்துக்கு அங்கே 'நேரலைப் படப்பிடிப்பு' என்று ஒரு கேலிப்பெயரே இருந்தது. காலையில் துண்டுத்துண்டாக வசனத்தாள் வரும். பகலில் எடுப்பார்கள். ராத்திரி ஒளிபரப்பு. இரண்டு மணி நேரம் தூங்கியவர்கள் எடுத்த காதல் காட்சியைத்தான் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு நாம் பார்த்தோம். உறக்கமின்மையில் சமத்துவம்.

'ஸ்கை கேஸில்' பார்த்தே ஆக வேண்டியது. 2018 நவம்பரில் 1.7 சதவீதத்தில் தொடங்கி 23.8-ல் முடிந்தது. பிள்ளையைச் சியோல் தேசியப் பல்கலைக்கழக மருத்துவத்தில் சேர்க்க டாக்டர், பேராசிரியர் குடும்பங்கள் செய்கிற அட்டூழியங்கள்தான் கதை. பணம் வாங்கிக்கொண்டு மாணவியின் சாப்பாடு, தூக்கம், நட்பு எல்லாவற்றையும் வகுத்துத் தருகிற 'கோஆர்டினேட்டர்' ஒருத்தி. அவளை நம்பியவர்களின் குடும்பங்கள் சுடுகாடாகும். இதைவிட உரக்க ஒரு தொடர் எச்சரிக்க முடியாது. பெற்றோர்கள் எச்சரிக்கையைக் கேட்டுக்கொண்டார்கள். இப்படி ஒரு கோஆர்டினேட்டர் எங்கே கிடைப்பார் என்று விசாரித்தார்கள். தொடரில் யேசோ என்ற பெண் தன்னை அடைத்துக்கொண்டு படிக்க ஒரு மரப்பெட்டி இருக்கும். அலமாரி மாதிரி, உள்ளே மேசை, விளக்கு, கதவு. பார்த்தாலே மூச்சு முட்டும். 'யேசோ மேசை' என்ற பெயரில் அது அமோகமாக விற்றது. விலை இருபது லட்சம் வோனுக்கு மேல். கொடுமையைக் காட்டுவதற்காகத் தொடரில் வைத்த கூண்டை, நிஜப் பிள்ளைகளை அடைக்க வாங்கிப் போனார்கள்.

2024-ல் கொரியப் பெற்றோர்கள் டியூஷனுக்குச் செலவழித்தது 29.2 லட்சம் கோடி வோன். பல்கலைக்கழக நுழைவுத் தேர்வு நாளில், ஆங்கிலம் கேட்டுப் பதிலெழுதும் பகுதி நடக்கும்போது நாடு முழுக்க விமானங்கள் ஏறுவதும் இறங்குவதும் நிறுத்தப்படும். சாமானியர் வீட்டுப் பிள்ளையின் தேர்வுக்காகவும் விமானம் நிற்கும், முதலாளி வீட்டுப் பெண்ணின் பருப்புக்காகவும் நிற்கும். வானத்திலாவது சோஷலிசம் வந்துவிட்டது.

இடையில் விளம்பர இடைவேளை. தொடருக்குள்ளேயே பொருளை நுழைத்து விற்பதற்கு 2010-ல் சட்டம் கதவைத் திறந்தது. அதன் பிறகு பேய் வந்தாலும் சப்வே சாண்ட்விச் தின்றுவிட்டுத்தான் மிரட்டும். 'டிசென்டன்ட்ஸ் ஆஃப் தி சன்'னில் ராணுவ வீரர் ஓடும் ஹூண்டாய் காரைத் தானியங்கியில் விட்டுவிட்டுப் பக்கத்திலிருப்பவளை முத்தமிடுவார். சாலைப் பாதுகாப்பு காதலுக்கு வழிவிட்டது. காதல் ஹூண்டாய்க்கு வழிவிட்டது. 'வின்சென்சோ'வில் சீன நிறுவனத்தின் பிபிம்பாப் பொட்டலம் தலைகாட்டியதும் நாடு கொதித்தது. காட்சியையே வெட்டினார்கள். அதே 2021 மார்ச்சில் 'ஜோசன் எக்ஸார்சிஸ்ட்' என்ற சரித்திரத் தொடரில் மேசைமேல் சீனப் பணியாரம் இருந்தது. விளம்பரதாரர்கள் ஓடினார்கள். இரண்டே எபிசோடில் தொடரையே ஒழித்துவிட்டார்கள். நாட்டின் மானம் பணியாரத்தால் போகும். மன்னிப்புகளால் போகாது.

'டிசென்டன்ட்ஸ்' எழுதிய கிம் உன்-சூக் பற்றிச் சொல்லாமல் நகர முடியாது. அவர் எழுதிய 'சீக்ரெட் கார்டன்' 2011 ஜனவரியில் முடிந்தது. பணக்கார வாரிசு, ஏழைச் சண்டைக்கலைஞர் பெண். அவள் பெயர் கில் ரா-இம். வாடகை அறை, உடம்பெல்லாம் காயம். ஐந்து ஆண்டுகள் கழித்து ஜேடிபிசி செய்திப்பிரிவு ஒரு தகவலை வெளியிட்டது. அதே 2011-ல், இன்னும் அதிபராகாத பார்க் குன்-ஹே, சியோலின் ஆடம்பர மருத்துவமனை ஒன்றில் கில் ரா-இம் என்ற பெயரில்தான் பதிவாகியிருந்தார். சர்வாதிகாரியின் மகள் ஏழைப் பெண்ணின் பெயரை மட்டும் இரவல் வாங்கினார். அவ்வளவு தீவிர ரசிகை. பிறகு அவருடைய ஆட்சி, பிடிக்காத கலைஞர்கள் என்று கரும்பட்டியல் போட்டது. ஒன்பதாயிரத்துக்கு மேல் பெயர்கள். இயக்குநர் போங் ஜூன்-ஹோவும் அதில் இருந்தார். தொடர் பார்த்தால் மனம் இளகும் என்பவர்கள் இவரை நினைத்துக்கொள்ளவும். மன்னிப்பா? லஞ்ச வழக்கில் உள்ளே போன அவருக்கும்தான். 2021 டிசம்பர்.

'ஸ்ட்ரேஞ்சர்' முதல் சீசனைக் கட்டாயம் பாருங்கள். அது வந்த காலத்துக் கொரியாவில் அரசு வழக்கறிஞர் என்றால் புலனாய்வும் அவரே, குற்றப்பத்திரிகையும் அவரே. அவருக்கு விருந்து வைத்துப் பராமரிக்கிற 'ஸ்பான்சர்' தொழிலதிபர் வெளியே காத்திருப்பார். இந்த உலகத்தில் ஒரு நேர்மையான அரசு வழக்கறிஞரை நாயகனாக வைக்க வேண்டும். பார்ப்பவர் நம்ப வேண்டுமே. கதாசிரியர் லீ சூ-யோன் என்ன செய்தார்? சிறுவயதிலேயே நாயகனுக்கு மூளையில் அறுவை சிகிச்சை நடந்து உணர்ச்சிகள் மரத்துவிட்டன என்று எழுதினார். எல்லோரும் நம்பினார்கள். மூளையை அறுத்தால் ஒழிய அந்த நாற்காலியில் நேர்மையாக உட்கார முடியாது.

மிகை என்கிறீர்களா? அப்போதைய அதிபரின் மனைவி டியோர் கைப்பையைப் பரிசாக வாங்குவது ரகசியக் கேமராவில் பதிவாகி ஊரெல்லாம் பார்த்தது. 2024 ஜூலையில் அவரை அரசு வழக்கறிஞர்கள் விசாரித்தார்கள். தங்கள் அலுவலகத்துக்கு அழைத்தல்ல. அதிபர் பாதுகாப்புப் பிரிவின் கட்டடத்துக்கு இவர்களே போனார்கள். உள்ளே நுழையும் முன் செல்போன்களை வாங்கி வைத்துக்கொண்டார்கள். யாருடைய செல்போன்களை? விசாரிக்கப் போனவர்களுடையதை. அக்டோபரில் வழக்குப் பதியத் தேவையில்லை என்று முடிவானது. டிசம்பர் 3 இரவு கணவர் யூன் சுக்-யோல் ராணுவச் சட்டம் அறிவித்தார். அவரும் முன்னாள் அரசு வழக்கறிஞர்தான். விடிவதற்குள் வாபஸ். ஒரு கதாசிரியர் இதை எழுதிக்கொண்டு போயிருந்தால் தயாரிப்பாளர் கையெடுத்துக் கும்பிட்டு அனுப்பியிருப்பார்.

'தி குளோரி'யும் கிம் உன்-சூக் எழுதியதுதான். பள்ளியில் பணக்காரப் பிள்ளைகளின் வதைக்கு ஆளான பெண், வளர்ந்து பழிவாங்குகிறாள். முதல் பகுதி 2022 டிசம்பர் கடைசியில், இரண்டாவது 2023 மார்ச்சில். இடைப்பட்ட பிப்ரவரியில் யூன் அரசு தேசியப் புலனாய்வு அலுவலகத்துக்குத் தலைவரை நியமித்தது. முன்னாள் அரசு வழக்கறிஞர். அவர் மகன் பள்ளியில் சக மாணவனை வதைத்தவன் என்பதும், பள்ளி எடுத்த நடவடிக்கையை எதிர்த்து அப்பா உச்ச நீதிமன்றம்வரை வழக்காடியதும், பையன் சியோல் தேசியப் பல்கலைக்கழகத்தில் சுகமாகச் சேர்ந்ததும் வெளியே வந்தன. நியமித்த மறுநாளே விலகினார். சரி, இந்த ஒரு தடவையாவது தொடர் ஜெயித்தது என்று கைதட்டப் போனோம். இரண்டாம் பகுதி வெளியான அன்றே, அதை இயக்கிய ஆன் கில்-ஹோ பிலிப்பைன்ஸில் படித்த காலத்தில் சிறுவர்களைக் கூட்டமாகச் சேர்ந்து அடித்தவர் என்ற புகார் வந்தது. முதலில் மறுத்தார். இரண்டு நாளில் வக்கீல் மூலம் ஒப்புக்கொண்டார். 'ஸ்ட்ரேஞ்சர்' முதல் சீசனை இயக்கியவரும் அவரே. தட்டப் போன கையைப் பையில் போட்டுக்கொண்டோம்.

ஒரே ஒரு தொடரைத்தான் பார்ப்பேன் என்று அடம்பிடித்தால், 'மை மிஸ்டர்'. 2018, டிவிஎன். இதில் கேலிக்கு இடமில்லை.

கடனில் மூழ்கிய இருபத்தொரு வயதுப் பெண் ஜி-ஆன். அலுவலகத்திலிருந்து இன்ஸ்டன்ட் காபி பொட்டலங்களைத் திருடிவந்து, இருட்டறையில் இரண்டைச் சேர்த்துக் கரைத்துக் குடிக்கிறாள். அதுதான் ராச்சாப்பாடு. பொறியாளர் பார்க் டாங்-ஹூனை வேலையிலிருந்து தூக்கக் காரணம் தேடித்தரக் கூலி பேசிக்கொள்கிறாள். அவர் போனில் ஒட்டுக்கேட்கும் செயலியைப் போடுகிறாள். காதில் ஒலிப்பானை மாட்டிக்கொண்டு நாளெல்லாம் கேட்கிறாள். அவர் பெருமூச்சை, நடையை, தம்பியோடு போடும் சண்டையை, யாருக்கும் தெரியாமல் விழுங்கும் அவமானத்தை. கேட்கக் கேட்க இப்படியும் ஒரு மனிதர் இருக்க முடியுமா என்று உடைந்துபோகிறாள். ஒட்டுக்கேட்டவள் அவரைக் காப்பாற்றுகிறாள்.

டாங்-ஹூனாக நடித்தவர் லீ சுன்-கியூன். 2023 அக்டோபரில் போதைப்பொருள் வழக்கில் அவர் பெயர் கசிந்தது. பரிசோதனைகளில் எதுவும் கிடைக்கவில்லை. ஆனாலும் செய்தி கசிந்துகொண்டே இருந்தது. ஒவ்வொரு முறையும் கேமராக் கூட்டத்துக்கு நடுவே காவல் நிலையத்துக்கு நடக்கவிட்டார்கள். நவம்பரில், அவர் ஒரு பெண்ணோடு போனில் அந்தரங்கமாகப் பேசிய பதிவைக் கேபிஎஸ் ஒலிபரப்பியது. மக்களிடம் மாதம் 2,500 வோன் வசூலிக்கிற பொதுத் தொலைக்காட்சி. நாடே காதில் ஒலிப்பானை மாட்டிக்கொண்டு கேட்டது. மூன்றாவது விசாரணை 19 மணி நேரம். டிசம்பர் 27 அன்று அவர் காருக்குள் இறந்து கிடந்தார்.

கசியவிட்டது நாங்கள் அல்ல என்றது காவல்துறை. ஒலிபரப்பியதில் தவறில்லை, பொதுநலன் இருக்கிறது என்ற தொனியில் பேசியது கேபிஎஸ். 2024 ஜனவரியில் போங் ஜூன்-ஹோ சக கலைஞர்களோடு பத்திரிகையாளர்கள் முன் நின்று விசாரணை கேட்டார். அவருக்கென்ன, எந்த ஆட்சி வந்தாலும் ஏதாவது ஒரு பட்டியலில் இருந்துதானே பழக்கம்.

'ஸ்க்விட் கேம்' முதல் சீசனோடு நிறுத்திக்கொள்ளலாம். நாயகன் கி-ஹூன் கார் தொழிற்சாலையில் வேலை போனவன். அது கற்பனையில்லை. 2009-ல் பியோங்டேக் நகரில் சாங்யோங் மோட்டார்ஸ் இரண்டாயிரத்துக்கு மேற்பட்டவர்களை நீக்கியது. 77 நாள் ஆலையைப் பிடித்துவைத்துப் போராடினார்கள். போலீஸ் ஹெலிகாப்டரிலிருந்து கண்ணீர்ப்புகைத் திரவத்தைக் கொட்டியது. பிறகு ஹெலிகாப்டருக்கு ஏற்பட்ட சேதத்துக்கும் தொழிலாளர்களிடமே நஷ்டஈடு கேட்டு வழக்குப் போட்டது. நம் தலையில் ஊற்றிவிட்டு வாளிக்கும் காசு கேட்டார்கள். 2013-ல் நிறுவனத்துக்கும் போலீசுக்குமாகச் சுமார் 470 கோடி வோன் கட்டச் சொன்னது நீதிமன்றம். ஒரு லட்சம் பேர் ஆளுக்கு 47,000 வோன் போட்டால் தீரும் என்று மக்கள் மஞ்சள் உறைகளில் பணம் அனுப்பத் தொடங்கினார்கள். எந்தத் தொடரிலும் இப்படி ஒரு காட்சி எனக்குக் கிடைத்ததில்லை.

கடனாளிகளைக் கொன்று வேடிக்கை பார்க்கும் பணக்காரர்களைப் பற்றி ஹ்வாங் டாங்-ஹ்யுக் 2008-லிருந்து எழுதி வைத்திருந்தார். எடுக்க ஆளில்லை. காசில்லாமல் மடிக்கணினியை விற்றார். கடைசியில் நெட்ஃப்ளிக்ஸ் வந்தது. எடுத்து முடிப்பதற்குள் மன அழுத்தத்தில் ஆறு பற்கள் விழுந்தன. 2021-ல் வெளியான தொடருக்குச் செலவு 2.14 கோடி டாலர். அது தந்த மதிப்பு 90 கோடி டாலருக்கு நெருக்கம். நெட்ஃப்ளிக்ஸின் உள்கணக்கு இது, ப்ளூம்பெர்க் வெளியிட்டது. உரிமை முழுக்க நெட்ஃப்ளிக்ஸுக்கு. ஹ்வாங்குக்கு ஒப்பந்தத்தில் எழுதிய தொகை. தலைக்குமேல் பரிசுப்பண உண்டியல் நிறையும்போது கீழே நிற்பவன் அண்ணாந்து பார்க்க வேண்டும் என்ற விதியைத் தொடருக்காக அவரேதான் எழுதினார்.

இது போதாதென்று 2023-ல் நெட்ஃப்ளிக்ஸ் 'ஸ்க்விட் கேம்: தி சேலஞ்ச்' எடுத்தது. இங்கிலாந்தில், நிஜமான 456 பேரை அதே பச்சைச் சீருடையில் நிறுத்தி, அதே பொம்மையின் முன் ஓடவிட்டு. பரிசு 45.6 லட்சம் டாலர். உறைபனிக் குளிரில் மணிக்கணக்காக அசையாமல் நின்றதில் சிலருக்கு மருத்துவ உதவி தேவைப்பட்டது. ஏழைகளை ஓடவிட்டு ரசிப்பது எவ்வளவு கேவலம் என்று காட்டிய தொடரைப் பார்த்துவிட்டு, அந்த யோசனை நன்றாக இருக்கிறதே என்று எடுத்துக்கொண்டார்கள். முகமூடி போட்ட பணக்காரர்களின் இடத்தில் சந்தா கட்டிய நாம். முகமூடிகூட வேண்டியிருக்கவில்லை.

நமக்கென்ன, கொரியாக்காரன் பிரச்சினை என்று சோபாவில் சாய்பவர்கள் எதிரே இருக்கும் டிவியைக் கொஞ்சம் பாருங்கள். சாம்சங் டிவியாக இருந்தால் அது ஸ்ரீபெரும்புதூர்க்காரர்கள் பூட்டியதாக இருக்கலாம். 2024 செப்டம்பர் 9 முதல் அவர்கள் 37 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். முதல் கோரிக்கை, சங்கத்தைப் பதிவு செய்ய வேண்டும். நிறுவனம் சங்கத்தை ஏற்கவில்லை. போலீஸ் பந்தலைப் பிரித்தது. சங்கத்தின் பெயரில் 'சாம்சங்' என்ற சொல் இருக்கிறது, அது எங்கள் வணிகமுத்திரை என்று நிறுவனம் ஆட்சேபித்தது. எட்டு மணி நேரம் அந்த முத்திரையை டிவியில் ஒட்டலாம். ஒட்டுகிறவன் தன் சங்கப் பலகையில் எழுதக் கூடாது. கொரியக் கதாசிரியர்களிடம் யோசனை கேட்டிருக்கலாம். சுன்யாங் தொழிலாளர் சங்கம் என்று வைத்திருந்தால் யாருக்கும் கோபம் வந்திருக்காது. 2025 ஜனவரியில் சங்கம் பதிவானது. கொண்டாடினார்கள். பிப்ரவரியில் சங்க நிர்வாகிகள் மூவர் சஸ்பெண்ட். சீசன் 2.